சாத்தூர்த் தாய்க்குப் பிறந்த குழந்தை

(சத்வாவிலிருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சத்வாவில் குடியிருக்கும் நாம் எல்லோரும் ஒரு ரத்தப் பரிசோதனையைத் தாண்டித்தான் இங்கே வந்திருக்கிறோம். விசா மெடிக்கலில் எச்ஐவி என்று வந்தால் வேலை கிடையாது. இங்கே வந்தபின் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நமக்கு அந்தத் தாள் ஒரு வாசல் காவலன். அதே தாள் ஒரு கர்ப்பிணியிடம் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்ஐவி கண்டறியப்பட்டது அப்போதுதான்.

அன்று ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று தெரிந்தால், குழந்தையைக் காக்க மருந்து இல்லை. 1994இல் நிலைமை மாறியது. ஏஇசட்டி மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. 1999இல் உகாண்டா ஆய்வு இன்னும் எளிய வழி சொன்னது: பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த பிள்ளைக்கு ஒரு வேளை மருந்து. நம் அரசு மருத்துவமனைகளுக்கும் அது வந்தது. 2014 முதல் இந்தியாவில் தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் கூட்டு மருந்து இலவசம்.

மருந்து வந்துவிட்டது. தகவல் வந்ததா? 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் நிலை தெரியாது. 2016இல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தும், செய்தி அவரை எட்டவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில்தான் தெரிந்தது. அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன தகவலால்தான் அந்தத் தாய்க்கு உடனே சிகிச்சை தொடங்கியது. புதிதாகத் தொற்றும்போது ரத்தத்தில் கிருமி மிக அதிகம், ஆபத்தும் அதிகம். 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் நெவிரபின் கொடுத்தார்கள். பின்னர் செய்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். விசா மெடிக்கலில் முடிவைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நம்பிக்கை மையத்தில் முடிவைச் சொன்ன பிறகுதான் வேலையே ஆரம்பம். ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லி அனுப்புங்கள்.