குளம் வெட்டியவரும் பால்மரம் வெட்டியவரும்

கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடைப்பட்ட பிரதேசம் தோட்டங்களால் பெயர்பெற்றது. தமிழ்ப் பெயரையே தாங்கி நிற்கும் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டு, மலாயாவில் முதன்முதலாக எண்ணெய்ப்பனை வியாபார நோக்கத்துடன் பயிரிடப்பட்டது. ரப்பருக்கும் செம்பனைக்கும் சரித்திரம் எழுதும் நாம், தோட்ட எல்லைகளிலும் காட்டோரங்களிலும் மண்வெட்டியால் தோண்டப்பட்ட மீன்குளங்களை ஏனோ மறந்துவிடுகிறோம்.

1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய பின்னர், தோட்டத் தமிழரில் ஆயிரமாயிரம் பேர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். சீனக் குடும்பங்களோ, பஞ்சத்துக்கும் ராணுவப் போலீஸாரின் கொடுமைக்கும் அஞ்சி, பட்டணங்களை விட்டு நாடெங்கும் காட்டோரங்களில் அடைக்கலம் புகுந்தன. பட்டா இல்லாத அந்நிலங்களில் அவர்கள் மரவள்ளி நட்டார்கள், பன்றி வளர்த்தார்கள், குளம் வெட்டினார்கள். பன்றிக் கொட்டிலின் கழிவு குளத்து நீரில் கலந்து நுண்ணுயிர்களைப் பெருக்க, அவற்றைத் தின்று சில கெண்டைகளும், கரையில் அறுத்துப் போட்ட புல்லைத் தின்று புல்கெண்டையும் வளர, அடியில் படிந்த சேறு காய்கறிப் பாத்திக்கு எருவாகும். வீணாவது எதுவுமில்லாத இந்த ஏற்பாட்டைத் தென்சீனத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர்.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு இக்குடியிருப்புகளிலிருந்தே ஆகாரம் கிடைக்கிறது என்று கருதிய சர்க்கார், 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. சிதறிக் கிடந்த தோட்ட லயங்களும் ஒன்று சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின.

வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றலாம். பன்றிகளைக்கூடக் கூண்டிலடைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் குளத்தை என் செய்வது? மீன் வளர்ப்பு என்பது விடியுமுன் எழுந்து, மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேல்மட்டத்துக்கு வருகின்றனவா என்று பார்த்து, மழை வலுத்தால் நள்ளிரவிலும் கரையைக் காத்து நிற்க வேண்டிய தொழில். ஊரடங்கின் காரணமாக இரவெல்லாம் வேலிக்குள் இருக்க வேண்டியவனுக்கு அது எங்ஙனம் சாத்தியமாகும்? உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில், பால்வெட்டச் செல்லும் தமிழ்த் தொழிலாளி மதியச் சோற்றையும் வாயிலுக்கு வெளியே கொண்டுபோக முடியாதிருக்கையில், பன்றிக்கும் மீனுக்கும் தீனி சுமந்து செல்பவனைக் காவலர் சந்தேகத்துடன் சோதித்ததில் வியப்பில்லை.

1957இல் மலாக்காவின் பத்து பெரெண்டாமில் மீன் வளர்ப்புக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே தோன்றிற்று. 1960 ஜூலையில் அவசரகாலமும் முடிவுற்றது. ஆயினும் அக்காலத்திலேயே வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றுச் செல்ல, லயத்தையும் வேலையையும் ஒருங்கே இழக்கும் ஆபத்து தமிழரை எதிர்நோக்கியது. தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் காரணம் இதுவே.

ஒருவர் குளம் வெட்டினார். மற்றொருவர் பால்மரம் வெட்டினார். காலடி மண் இருவருக்குமே சொந்தமாயிருக்கவில்லை.