நிறைக் குறைப்பின் தேக்கநிலை: ஒரு வரலாற்று நோக்கு

உடல் நிறையைக் குறைக்க முற்படுவோர் பலருக்கும் பொதுவானதோர் அனுபவம் உண்டு. உணவைக் குறைத்து, நாள்தோறும் உடற்பயிற்சியும் செய்யத் தொடங்கிய முதற் சில வாரங்களில் நிறை விரைந்து குறைகின்றது. பின்னர் அக்குறைவு மெல்ல மெல்லத் தளர்கின்றது. சில மாதங்கள் சென்றபின், அதே முயற்சி தொடர்வதாகவே அவர்கள் கருதியபோதிலும், தராசின் முள் அசைய மறுக்கின்றது. இதனையே தேக்கநிலை என்பர். இதற்கு உலகம் கூறிவந்த விளக்கம் மிக எளிது: மனவுறுதி குன்றிவிட்டது, களவாக உண்ணப்படுகின்றது, சோம்பல் தலையெடுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவரோ, தம் உடலிலேயே ஏதோ கோளாறு உளதென எண்ணுகின்றார். இவ்விரு கூற்றுக்களும் எந்த அளவுக்கு உண்மையானவை என்பதை நானூறு ஆண்டுக்கால ஆய்வு வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலின் வரவு செலவு

உடலின் வரவு செலவைத் தராசிலிட்டு அளக்க முனைந்தோருள் முதன்மையானவர் இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சந்தோரியோ (1561-1636) ஆவார். தராசிலே தொங்கவிடப்பட்ட நாற்காலியொன்றில் அமர்ந்து, தாம் உண்டவற்றையும் கழித்தவற்றையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் நிறுத்து வந்தார். எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால், அவற்றுள் ஐந்து இறாத்தல் கண்ணுக்குப் புலனாகாத வகையில் உடலைவிட்டு நீங்குகின்றது என்பது 1614இல் வெளிவந்த அவரது நூலின் முடிபுகளுள் ஒன்றாகும். அவ்விழப்பின் இரகசியத்தை விளக்குதற்கு வேண்டிய இரசாயன அறிவு அக்காலத்தில் இருக்கவில்லை. 1780களில் பிரான்சிய அறிஞர்களான இலவோசியே, இலப்பிளாசு ஆகியோர் கினிப்பன்றியொன்றைப் பனிக்கட்டிக் கலோரிமானியினுள் வைத்து, சுவாசம் என்பது ஒட்சிசனைக் கொண்டு நிகழும் மெதுவான தகனமே எனக் காட்டினர். உணவு எரிபொருள் என்ற கருத்து இதனால் உறுதிபெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்கரான அற்வாற்றர், மனிதர் நாட்கணக்கில் தங்கியிருக்கத்தக்க சுவாசக் கலோரிமானியொன்றை அமைத்து, உடலும் சக்திக் காப்பு விதிக்கு அமைந்தே இயங்குகின்றது என நிறுவினார். புரதத்துக்கும் காபோவைதரேற்றுக்கும் கிராமொன்றுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என இன்றும் வழங்கும் பெறுமானங்கள் அவரது ஆய்வின் வழிவந்தவையே. 1918இல் டொக்டர் லூலூ ஹண்ட் பீற்றர்ஸ் என்னும் அம்மையார் எழுதிய நூல் கலோரிக் கணக்கை ஆய்வுகூடத்திலிருந்து சாதாரண மக்களின் உணவு மேசைக்குக் கொணர்ந்தது. வரவினும் செலவு மிகுந்தால் கையிருப்புக் குறையும். இக்கணக்கிற் பிழை எதுவும் இல்லை. ஆயின், வரவைக் குறைத்தால் செலவு மாறாது நிற்கும் என்ற கருத்தும் அதனுடன் சேர்ந்து வேரூன்றியது. அக்கருத்தே பிற்காலக் குழப்பங்களுக்கெல்லாம் மூலமாயிற்று.

பான்ரிங்கின் அனுபவம்

உடற்பயிற்சியால் மட்டும் நிறை குறையாமையை வெளிப்படையாக எழுதியவர்களுள் குறிப்பிடத்தக்கவர், இலண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பான்ரிங். ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவர் 1862இல், தமது அறுபத்தாறாவது வயதில், 202 இறாத்தல் நிறையுடையவராயிருந்தார். மருத்துவர் ஒருவரின் ஆலோசனைப்படி நாள்தோறும் அதிகாலையிற் படகு வலித்தார். தசைவலிமை கூடியது, அதனோடு பசியும் பெருகியது, நிறையும் ஏறியது. இறுதியில் வில்லியம் ஹாவி என்னும் செவிமருத்துவர், பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்குமாறு பணித்ததன்மேல் ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்து 156 இறாத்தலை அடைந்தார். இதனை விபரித்து அவர் 1863இல் வெளியிட்ட சிறுநூல் பெரும் புகழ்பெற்றது. அவரது வெற்றியை உலகம் நினைவிற் கொண்டது. செலவைக் கூட்டினால் உடல் வரவையும் கூட்டக் கேட்கும் என்பதற்கு அவரது படகோட்டம் சான்றாக நின்றமையையோ அக்காலத்தோர் பெரிதாக எண்ணவில்லை.

பட்டினி ஆய்வுகள்

செலவு மாறாது நிற்கும் என்ற கருத்தைத் தகர்த்த சான்றுகள், நிறை குறைப்போரிடமிருந்தன்றிப் போர்க்காலப் பட்டினி பற்றிய ஆய்வுகளிலிருந்தே வந்தன. முதலாம் உலகப் போரின்போது மக்களின் உணவை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதை அறிய விரும்பிய பொஸ்ரன் நகர ஆய்வாளர் பிரான்சிஸ் பெனடிக்ற், 1917இல் கல்லூரி மாணவரான இளைஞர் சிலரைக் குறைந்த உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்களின் நிறை ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைந்தபோது, அந்நிறையைப் பேணுதற்கு வேண்டிய சக்தி அதனினும் கூடிய விகிதத்திற் குறைந்திருந்தது. உடல் சிக்கனம் பழகிக் கொண்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்செல் கீஸ் நடத்திய பரிசோதனை இதனை மேலும் தெளிவாக்கிற்று. மனச்சாட்சியின் பொருட்டுப் போர்த்தொழிலை மறுத்த 36 இளைஞர் இதற்குத் தாமாகவே முன்வந்தனர். 1944 நவம்பரில் தொடங்கிய இப்பரிசோதனையில், 1945 பெப்ரவரி முதல் 24 வாரங்கள், வழமையான உணவின் ஏறத்தாழ அரைப்பங்கே, அதாவது நாளொன்றுக்கு 1,570 கலோரியளவே, அவர்களுக்கு வழங்கப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. குறைந்த உணவும் ஒழுங்கான உடலுழைப்பும் ஒருங்கே அமைந்த நிலை இது. மேற்பார்வையும் கடுமையாக இருந்தமையால், முடிவுகளுக்கு மனவுறுதிக் குறைவைக் காரணங் காட்டுதல் எளிதன்று.

அவர்கள் தம் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியோ ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. உடல் சிறுத்தமை இதன் பெரும்பகுதிக்குக் காரணமாயினும், எஞ்சிய இழையங்களும் முன்னரிலும் குறைவாகவே சக்தியைச் செலவிட்டன. நாடித்துடிப்புத் தளர்ந்தது. கோடைகாலத்திலும் அவ்விளைஞர் குளிரால் வருந்தினர். உணவு பற்றிய எண்ணம் ஏனைய எண்ணங்களை விழுங்கிற்று. சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கவுந் தொடங்கினர். இவற்றினும் கருதத்தக்கது, நிறைக் குறைவின் வரைபு தொடக்கத்திற் செங்குத்தாக இறங்கிப் போகப்போகத் தட்டையாகும் வகையிலேயே கீஸ் குழுவினர் தம் எதிர்பார்ப்பை அமைத்திருந்தமையாகும். 1950இல் இரு பாகங்களாக வெளிவந்த அவர்தம் பெருநூலைக் கற்றோருக்குத் தேக்கநிலை புதிராகத் தோன்றியிருக்காது.

நேர்கோட்டின் மயக்கம்

இவ்வாறு தெளிவாகியிருந்த உண்மை, நிறை குறைப்போருக்குக் கூறப்பட்ட அறிவுரையில் இடம்பெறவில்லை என்பதே இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதியாகும். 1958இல் நியூயோர்க் மருத்துவரான மக்ஸ் விஷ்நொவ்ஸ்கி, ஓர் இறாத்தல் உடல்நிறைக்கு 3,500 கலோரி ஈடாகும் எனக் கணித்தார். இது கொழுப்பிழையத்தின் சக்திப் பெறுமானத்தைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கதே. ஆயின், பாடநூல்களும் மருத்துவரும் இதனை எக்காலத்துக்கும் பொருந்தும் விதியாக மாற்றினர். நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைத்தால் வாரத்துக்கு ஓர் இறாத்தல், ஆண்டுக்கு 52 இறாத்தல் குறையும் எனக் கூறப்பட்டது. இவ்விதி உண்மையாயின், இளைத்தபின் 156 இறாத்தல் நிறையுடன் இருந்த பான்ரிங் மேலும் 500 கலோரியைக் குறைத்திருந்தால், மூன்றே ஆண்டுகளில் அவர் இருந்த இடமே தெரியாது மறைந்திருப்பார்! வளைகோட்டை நேர்கோடாக வரைந்தமையால், வாக்களிக்கப்பட்ட அளவுக்கு நிறை குறையாதபோது பழி முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்தது.

இதன் விளைவை 1959இல் ஸ்ரங்காட், மக்லாரன்-ஹியூம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நியூயோர்க் மருத்துவ நிலையமொன்றில் உணவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 100 பேருள் 12 பேரே 20 இறாத்தல் குறைந்தனர். ஈராண்டுகளின் பின் அக்குறைவைப் பேணியோர் இருவர் மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தோல்வியுறும் சிகிச்சையொன்றிற் குறை நோயாளரிடத்தா, சிகிச்சையிடத்தா என்ற வினா அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

உடலின் எதிர்ப்பு

அவ்வினாவுக்கு விடை விலங்கு ஆய்வுகளிலிருந்து மெல்ல உருவாயிற்று. 1953இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கென்னடி, உடற் கொழுப்பின் அளவை மூளை ஏதோவொரு வகையில் உணர்ந்து பசியை நெறிப்படுத்துகின்றது என்னும் கருதுகோளை முன்வைத்தார். 1949இல் அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில், அளவிறந்து பருக்கும் சுண்டெலிகள் சில தோன்றியிருந்தன. பின்னர் டக்ளஸ் கோல்மன் அத்தகைய சுண்டெலியின் குருதியோட்டத்தைச் சாதாரண சுண்டெலியினதுடன் இணைத்து, அதனிடம் பசியை அடக்கும் பதார்த்தமொன்று இல்லாமையைக் காட்டினார். 1994இல் ஜெஃப்றி பிறீட்மனும் அவர்தம் குழுவினரும் அதற்குரிய பரம்பரையலகைக் கண்டறிந்தனர். மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அந்த ஓமோனுக்கு இலெப்டின் எனப் பெயரிடப்பட்டது. கொழுப்பிழையம் வெறும் களஞ்சியமன்று; தன் இருப்பை மூளைக்கு அறிவித்துக்கொண்டேயிருக்கும் உறுப்பு என்பது புலனாயிற்று. கொழுப்புக் குறைய இலெப்டினும் குறைகின்றது. மூளை அதனைப் பஞ்சத்தின் வருகையாகக் கொண்டு பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்குகின்றது.

1995இல் லைபலும் அவர்தம் சகாக்களும் மனிதரை அளந்து, நிறையிற் பத்திலொரு பங்கு குறைந்தவரிடத்து, உடல் சிறுத்தமையால் எதிர்பார்க்கத்தக்க அளவினும் மேலாகச் சக்திச் செலவு குறைவதை நிறுவினர். 2011இல் மெல்பேண் ஆய்வாளர், நிறை குறைந்து ஓராண்டு கழிந்த பின்னரும் பசியைத் தூண்டும் ஓமோன் மாற்றங்கள் நீடிப்பதைக் கண்டனர்.

இரு தரப்பும் காணாதவை

இவற்றைக்கொண்டு, நிறை குறையாதோர் கூற்று முற்றிலும் மெய்யெனக் கொள்ளுதலும் பொருந்தாது. கீஸ் பணியாற்றிய மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலேயே 1955இல் லிவ்சன் என்பார், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் கனமான சமதானிகளைக் கொண்ட நீரைப் பருகச்செய்து சக்திச் செலவை அளக்கும் முறையைச் சுண்டெலிகளில் வகுத்திருந்தார். 1980களில் இம்முறை மனிதருக்குப் பயன்படலாயிற்று. கலோரிமானி அறையினுள் அடைக்காது, வீட்டில் வாழும் மனிதரின் செலவை அறிய இது வழிசெய்தது. 1992இல் நியூயோர்க்கில் லிச்மன் குழுவினர், நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்டும் நிறை குறையவில்லை என முறையிட்டோரை இம்முறையால் ஆராய்ந்தனர். அவர்களின் சக்திச் செலவு எதிர்பார்த்த அளவிலேயே இருந்தது. அவர்கள் தம் உணவைச் சராசரி 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் மதிப்பிட்டிருந்தனர். இதனைப் பொய் என இகழ்தல் எளிது. ஆயின், பசி ஓயாது தூண்டும்போது கையளவு பெருகுவதை அறியாதிருத்தல் மனித இயல்பே.

இரு தரப்புச் சான்றுகளையும் ஒருங்கிணைத்தவர் கெவின் ஹோல் ஆவார். 2011இல் அவர்தம் குழுவினர் வெளியிட்ட கணித மாதிரியின்படி, நாளொன்றுக்குக் குறைக்கும் ஒவ்வொரு 10 கலோரிக்கும் இறுதியில் ஓர் இறாத்தலே குறையும். அதிற் பாதி முதலாண்டிலும் பெரும்பகுதி மூன்றாண்டுகளிலும் நிகழும். முன்னைய விதி ஓராண்டில் 52 இறாத்தலை வாக்களித்த இடத்து, இது 25 இறாத்தலையே தருகின்றது. 2016இல் அவரும் சகாக்களும் மற்றொன்றையும் கணித்தனர்: இழக்கும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாட்செலவு 20 முதல் 30 கலோரி குறைய, பசியோ ஏறத்தாழ 100 கலோரி கூடுகின்றது. ஆகவே சில மாதங்களில் தோன்றும் தேக்கத்துக்கு, செலவுச் சுருக்கத்தினும் பசியின் பெருக்கமே பெருங்காரணமாகும். தொடக்கத்தில் இலகுவாயிருந்த அதே கட்டுப்பாடு பின்னர் பன்மடங்கு கடினமாகின்றது. அதே முயற்சியையே தாம் செய்வதாக அவர் உணர்வது பொய்யன்று. அம்முயற்சியாற் குறையும் உணவின் அளவே சிறுத்துவிடுகின்றது.

தேக்கத்தைக் கடத்தல்

தேக்கத்தை எவ்வாறு கடக்கலாம் என்பதற்கும் இவ்வரலாற்றில் ஓரளவு விடையுண்டு. முதலாவது, சிறுத்த உடலுக்குப் பழைய கணக்குப் பொருந்தாமையால், உண்பதை மீண்டும் நிறுத்து அளந்து கணக்கைப் புதுப்பித்தல் வேண்டும். இரண்டாவது, உடற்பயிற்சியின் பயனை நிறையைக் குறைப்பதிலும் பார்க்கக் குறைந்த நிறையைக் காப்பதிலேயே தேடுதல் வேண்டும். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் நிறையைப் பெருமளவு குறைத்த 14 பேரை ஆறாண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, அவர்களது ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததிலும் ஏறத்தாழ 500 கலோரி குறைவாயிருந்தமை 2016இல் வெளியாயிற்று. எனினும் அவர்களுள் நிறையைக் கூடுதலாகப் பேணியோர், உடலுழைப்பைக் கூடுதலாக உயர்த்தியோரே என்பது அடுத்த ஆண்டில் தெளிந்தது. மூன்றாவது, பசியையே தணிக்கும் மருத்துவமாகும். குடலோமோனொன்றைப் போன்று செயற்படும் செமாகுளுரைட்டு என்னும் மருந்து 2021இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறைக் குறைப்புக்கு அனுமதிக்கப்பட்டது. பெரும் பரிசோதனையொன்றில் அது 68 வாரங்களிற் சராசரி 15 சதவீத நிறையைக் குறைத்தது. அங்கும் இறுதியில் வரைபு தட்டையாயிற்று. மருந்தை நிறுத்தியோர் ஓராண்டினுள் இழந்ததில் மூன்றில் இரு பங்கை மீளப் பெற்றனர்.

ஆகவே தேக்கநிலை முயற்சியின் தோல்வியன்று. குறைந்த வரவும் குறைந்த செலவும் புதியதொரு சமநிலையை எய்தியமையின் அறிகுறியே அது. அவ்விடத்தில் நிலைத்து நிற்பதற்கும் தொடர்ந்த முயற்சி வேண்டும். அதுவும் ஒரு வெற்றியாகவே கணிக்கத்தக்கது. சக்திக் காப்பு விதி எங்கும் மீறப்படவில்லை. ஆயின் அவ்விதியைக் கொண்டு மனிதரின் ஒழுக்கத்தை நிறுத்துப் பார்த்தமை தவறு. மின்னசோட்டாவின் இளைஞர் 1945இலேயே தம் உடலாற் காட்டிய உண்மையை மருத்துவ உலகம் ஏற்பதற்கு அரைநூற்றாண்டுக்கு மேல் சென்றது. அந்த இடைக்காலத்திற் பழிசுமந்தோர் எண்ணற்றோர். அறிவு ஆய்வுநூலிற் பதிவானால் மட்டும் போதாது. அது நோயாளியுடன் பேசும் மருத்துவரின் நாவையும் சென்றடைதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.