புலாவ் உபின் போறீங்களா? கடிகாரத்தைப் பார்க்கும் முன் கடலைப் பாருங்க!

சாங்கி வில்லேஜில் ஒரு நாசி லெமாக் சாப்பிட்டு, பக்கத்தில் இருக்கும் படகுத் துறைக்கு நடந்தால் போதும். அங்கிருந்து சுமார் 10 நிமிடத்தில் புலாவ் உபின். அடுக்குமாடி கிடையாது, பெருவிரைவு ரயில் கிடையாது, கடைத்தொகுதியும் கிடையாது.

விமானம் ஏறாமல் ஒருநாள் ஓய்வாக இருக்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் இடம் இல்லை. ஆனால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெயில் ஏறிய பிறகு, கடல் நிறைந்திருக்கும் நேரத்தில் போய்விட்டு, "அங்க என்ன இருக்கு? வெறும் தண்ணிதான்" என்று திரும்பிவிடுகிறார்கள்.

அப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யணும்?

எப்படிப் போவது?

தானா மேராவிலிருந்து பேருந்து எண் 2, தெம்பனிஸிலிருந்து எண் 29. இரண்டுமே சாங்கி வில்லேஜ் வரை போகும்.

படகுக்கு முன்பதிவு இல்லை, நேர அட்டவணையும் இல்லை. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், அவ்ளோதான். ஒருவருக்குக் கட்டணம் 4 வெள்ளி. சொந்த சைக்கிள் கொண்டுபோனால் அதற்குத் தனியாக 2 வெள்ளி. காத்திருக்க மனமில்லையா? 12 பேருக்கான காசைக் கொடுத்தால் உடனே கிளம்புவார்கள். வாரயிறுதிக் காலையில் அதற்கு அவசியமே வராது, 12 பேர் சட்டென்று சேர்ந்துவிடுவார்கள். வார நாளில்தான் பெஞ்சில் உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதே துறையிலிருந்து ஜொகூரின் பெங்கெராங்கிற்கும் படகு போகிறது. அதற்குத்தான் பாஸ்போர்ட் வேண்டும். உபினுக்கு வேண்டாம்.

கையில் ரொக்கம் வச்சுக்குங்க. தீவில் ஏடிஎம் தேடி அலைய வேண்டாம்.

செக் ஜாவாவை எப்போது பார்ப்பது?

தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா ஈரநிலம். உபினுக்குப் போவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம். மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுத் திட்டு, அலையாத்திக் காடு, கடலோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

கடல் நிறைந்திருக்கும்போது இவற்றில் பாதி கண்ணுக்கே தெரியாது. நீர்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இறங்கும் நேரத்தில் போகவேண்டும். அப்போதுதான் தரை வெளியே வரும். ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள் அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் தாவும் மீன்களைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நட்சத்திர மீனும் கண்ணில் படும்.

கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறும். சில நாள்களில் அது விடியற்காலையில் வந்துவிடும், அப்போது செக் ஜாவா திறந்திருக்காது. திறப்பு நேரம் காலை 8.30 முதல் மாலை 6 வரை. ஆகவே இணையத்தில் கடல்மட்ட அட்டவணையைப் பார்த்து, பகலில் நன்றாக வற்றும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கலாம். பொறுப்பது வீண்போகாது.

மரப்பலகை நடைபாதை ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். ஒரு பகுதி கடல்மேல் போகும், இன்னொன்று அலையாத்திக் காட்டுக்குள் நுழையும். நடுவில் 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரம். ஏறினால் மரங்களின் தலைக்குமேல் நின்று பார்க்கலாம். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் 1930களில் கட்டப்பட்ட ஆங்கிலேயர் பாணி வீடு ஒன்று இருக்கிறது. உள்ளே கணப்படுப்பு! சிங்கப்பூர் வெயிலில் யாருக்கு அது தேவைப்பட்டதோ.

இந்த இடம் எப்படித் தப்பியது?

செக் ஜாவா இன்று மண்மேடாக இருந்திருக்க வேண்டிய இடம். இங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. வேலை தொடங்கவிருந்த நேரத்தில்தான், 2000ஆம் ஆண்டின் இறுதியில், இங்கே இவ்வளவு உயிர்கள் இருப்பது வெளியே தெரியவந்தது. 2001 முழுவதும் இயற்கை ஆர்வலர்கள், ஆசிரியர்கள், குடும்பங்கள் எனக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்தார்கள். தொண்டூழியர்கள் எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்து அரசாங்கத்திடம் கொடுத்தார்கள்.

2001 டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கவனிக்கவும்: ரத்து செய்யப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. மேம்பாட்டுக்குத் தீவு தேவைப்படாதவரை தூர்ப்பதில்லை என்பதுதான் முடிவு. இப்போது நாம் நடக்கும் பலகைப் பாதை 2007இல் திறந்தது.

தூர்க்காமல் விட்டால் மட்டும் போதாது என்பதும் அதே சமயத்தில் புரிந்தது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் பெய்த கனமழையில் ஜொகூர் பக்கமிருந்து நன்னீர் பெருகி வந்தது. உப்பு குறைந்ததால் செக் ஜாவாவில் ஏராளமான கடலுயிர்கள் மடிந்தன. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீண்டது. சேற்றில் இறங்கி ஒரு செல்ஃபி எடுத்தால் என்ன என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

சைக்கிளா, நடையா?

படகு இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள்தான் வரவேற்கும். செக் ஜாவா சுமார் 3 கிலோமீட்டர். நடந்தும் போகலாம், ஆனால் சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் வேன் பேசிக்கொள்வது நல்லது.

சைக்கிள் எடுத்தால் பணம் கொடுக்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்க. தீவு தட்டையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இறக்கங்கள் செங்குத்தானவை, சரளைக் கல் வழுக்கும். தீவில் மருத்துவமனை கிடையாது. செக் ஜாவா வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே நடந்துதான் போகவேண்டும்.

வழியில் காட்டுப்பன்றியோ குரங்கோ எதிர்ப்பட்டால் பயப்பட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: பிளாஸ்டிக் பை. அதன் சலசலப்பைக் கேட்டாலே சாப்பாடு என்று பக்கத்தில் வந்துவிடும். உணவை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். எதுவும் போடாதீர்கள்.

மேலே பார்க்கவும் மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் ஏறக்குறைய 140 ஆண்டுகளாகக் காணாமல்போயிருந்த இருவாச்சிப் பறவை, 1994இல் மறுபடியும் தென்பட்டது இந்தத் தீவில்தான்.

வேறு என்ன இருக்கு?

கல். தீவின் கதையே அதுதான். உபினில் வெட்டிய கருங்கல் 1851இல் கட்டிமுடிந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், பிறகு ஜொகூர் கடற்பாலத்துக்கும் போனது. கடைசிக் கல்குவாரி 1999இல் மூடியது. பள்ளங்களில் நீர் நிறைந்து இப்போது பச்சை ஏரிகளாகக் கிடக்கின்றன. படம் எடுக்க அருமையான இடம், ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே எடுங்கள்.

குவாரி வேலை போனதும் மக்களும் போனார்கள். 1970களில் சுமார் 2,000 பேர் இருந்த தீவில் இன்று சில டஜன் பேர்தான். குழாய்த் தண்ணீர் இணைப்பு இல்லை, கிணறுதான். எனவே குடிதண்ணீர் நிறைய எடுத்துப் போங்க. படகுத்துறைப் பக்கத்து உணவகங்களில் சுடச்சுடச் சாப்பாடும் இளநீரும் கிடைக்கும்.

நேரம் இருந்தால் மேற்கே ஜெர்மன் பெண் கோயிலுக்கும் போகலாம். 1914இல் உலகப் போர் தொடங்கியபோது, பிரிட்டிஷ் படையினரைக் கண்டு ஓடிய காப்பித்தோட்டக்காரரின் மகள் பள்ளத்தில் விழுந்து இறந்ததாகக் கதை. வழிபடுபவர்கள் அவருக்கு வைப்பது வாசனைத் திரவியமும் முகப்பூச்சும். பீடத்தில் ஒரு பார்பி பொம்மையும் உண்டு.

திரும்புவது எப்போது?

இருட்டும்வரை இருக்க ஆசை வரும். ஆனால் கடைசி நேரத்தில் 12 பேர் சேர்வது நிச்சயமில்லை, சூரியன் இறங்கியபின் படகு கிடைப்பதும் கஷ்டம். 5.30 மணிவாக்கில் துறைக்கு வந்துவிட்டால் கவலையில்லை. போகும்போதே படகோட்டியிடம் "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்க. கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிட்டீர்களா? வடக்குக் கரையில் அது மலேசியக் கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளும்.