தோட்டத்துப் புகைக்கூடத்துக்கு அஞ்சலி

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால் ஸ்டோருக்குப் பின்புறம், கரியேறிய சுவரும் கூரையிடுக்கில் கசியும் புகையுமாக நின்று, மூன்று தலைமுறைக்கு நம் ரப்பர் ஷீட்டுகளைப் பதமாக்கித் தந்த புகைக்கூடம் மறைந்துவிட்டது. ஒரே நாளில் போகவில்லை. புக்கிட் ரோத்தானில், ஈஜோக்கில், பத்தாங் பெர்ஜுந்தையில் என்று ஒவ்வொரு தோட்டமாக அடுப்பு அவிந்து, மூத்தவர் ஒருவர் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்வது போல அடங்கிப்போயிற்று.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில ரப்பர்க் கன்றுகளின் வழியே தொடங்குகிறது அதன் வரலாறு. காப்பி விலை விழுந்து சிலாங்கூர்த் தோட்டக்காரர்கள் நொடித்துப்போன பிறகு, 1900களின் முதல் பத்தாண்டுகளில் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு லயங்கள் எழுந்தன. கூடவே ஸ்டோரும் புகைக்கூடமும் எழுந்தன. பால் அப்படியே கடல் தாண்டாது. மரத்தில் கட்டிய மங்கில் விழுந்த சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் புகுந்து புளிக்க வைத்துவிடும், அந்தப் புளிப்பிலேயே கட்டிவிடும், மறுநாள் ஊரே நாறும். அதைத் தோட்டத்திலேயே உறைய வைத்து, நீரைப் பிழிந்து, உலர்த்தி, கப்பலுக்குத் தாங்கும் பொருளாக்கியாக வேண்டும். இந்தத் தேவைதான் புகைக்கூடத்தைப் பெற்றது.

விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நிரை வெட்டி, பசியாறி, வெயிலேறிய பின் காண்டா வாளியில் சுமந்து வந்த பாலைக் கிராணி நிறுத்துக் குறித்ததும் ஸ்டோர்காரரின் வேலை தொடங்கும். வலையில் வடிகட்டுவார், நீர் கலந்து இளக்குவார், மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு ரப்பர் அளவைப் பார்ப்பார், தொட்டியில் நிரப்பி, தண்ணீரில் கரைத்த பார்மிக் அமிலத்தைச் சீராக ஊற்றிக் கலக்குவார். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துவிட்டு அலுமினியத் தகடுகளைச் செருகி மூடிவைத்தால் மறுநாள் காலையில் தகட்டுக்குத் தகடு வெள்ளை வெளேரென்று ரப்பர் உறைந்து நிற்கும். நுரையை எடுக்க மறந்தால் ஷீட்டில் குமிழி, அமிலம் மிஞ்சினால் முறுக்கு, குறைந்தால் குழைவு. இவ்வளவையும் அவர் எந்த ஏட்டிலும் படித்ததில்லை. விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லுவார். அமிலம் பட்டு வெந்த விரல்கள் அவை.

அந்தத் தொட்டிக்குள் நடந்தது இதுதான். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் புரதப் படலம் போர்த்தியிருக்கிறது, அதன்மேல் எதிர்மின்னூட்டம். எல்லாத் துகளிலும் அதே மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சேராமல் நிற்கின்றன. அமிலத்தின் ஐதரசன் அயனிகள் வந்து அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்ததும் தள்ளும் விசை போகிறது, துகள்கள் மோதுகின்றன, படலம் கிழிகிறது, உள்ளே சுருண்டிருந்த நீள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பால் சீக்கிரம் கட்டிவிடும் என்று தோன்றினால் அம்மோனியா விடுவதும் இதே கணக்கின் மறுபக்கம்: நுண்ணுயிர் தரும் அமிலத்தை அம்மோனியாவின் காரம் முறித்துவிடும்.

உறைந்த பாளத்தை உருளைகளில் கொடுத்து நசுக்கி, கடைசி உருளையில் கோடு பதித்து, கழுவி நீர் வடித்துக் கழிகளில் தொங்கவிட்டுப் புகைக்கூடத்துக்குள் தள்ளினால் பால்மரத்து விறகின் கங்கில் நாலைந்து நாள் தவம். சூடு சுமார் 60 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரப்பர் இளகிக் கொப்புளிக்கும். அதனால் நடுச்சாமத்திலும் எழுந்து போய் நெருப்பைத் தணித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. புகையிலுள்ள பீனால் வகைகள் பூஞ்சணத்தைத் தடுத்தன. வெள்ளையாய் உள்ளே போன ஷீட், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ வெளியே வரும். பெண்கள் அதைப் பிடித்துப் பார்த்து, தூசியும் குமிழியும் கண்ட இடத்தைக் கத்தரித்துத் தரம் பிரிப்பார்கள். சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிய அந்தப் புகைவாடை, குளித்தாலும் போகாது.

ரப்பரில் ஐந்து கார்பனுக்கு எட்டு ஐதரசன் என்று மைக்கேல் பாரடே 1826இலேயே கண்டுவிட்டார். ஆனால் அந்த ஐசோப்பிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் சகப்பிணைப்பால் கோத்த ஒரே நெடுஞ்சங்கிலி என்று வேதியியலாளர் ஸ்டவுடிங்கர் 1920இல் எழுதியபோது அவருடைய துறையினர் பலர் நம்பவில்லை. அவர்கள் ஐயத்தோடு வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஈஜோக்கிலும் ஜெராமிலும் நம்மவர்கள் அந்தச் சங்கிலிகளை நாள்தோறும் பாலிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1839இல் குட்இயர் கண்ட வழியில் கந்தகத்தைச் சேர்த்து, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் குறுக்குப் பிணைப்பு இட்டு, டயராக்கிய வேலை கடலுக்கு அப்பால் நடந்தது. பேரும் பெரும்பணமும் அங்கேயே தங்கின. அந்தக் குறை இன்னும் ஆறவில்லை.

புகைக்கூடத்தை ஓய்த்த மரம் இந்த மாவட்டத்திலேயே வேரூன்றியது. ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பெட்ரோலியத்திலிருந்து வந்த செயற்கை ரப்பர் விலையை அழுத்த அழுத்த, செம்பனை நிரை நிரையாக உள்ளே வந்தது. 1965இல் தரம் குறித்த கட்டி ரப்பர் முறை அறிமுகமானபோது ஆலைகள் கட்டிப்பாலையே அரைத்து உலர்த்திக்கொண்டன. ஷீட்டுக்கும் புகைக்கும் வேலை குறைந்தது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின, பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. கூரைத் தகரத்தைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப்போனார்.

ஆனாலும் புகைக்கூடத்தின் வழிவந்தவை உள்ளன. அம்மோனியாவில் கட்டாமல் காத்த பாலைக் கிள்ளான், மேரு ஆலைகள் கந்தகத்தோடு சேர்த்துக் கையுறையாக்குகின்றன. ஐந்தாம் படிவ வேதியியல் நூலில் பல்லுறுப்பி பாடத்தில் துகள், படலம், அயனி எல்லாம் படமாக இருக்கின்றன. தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்யும் பிள்ளையின் வீட்டில், அமிலம் ஊற்றிய கையோடு ஒரு பாட்டி இன்னும் இருக்கக்கூடும். தொட்டிக்கு எவ்வளவு, மழைநாளில் எவ்வளவு என்று கேட்டால் சொல்லுவார்.