பெயர் ஒருவருடையது, யந்திரம் ஒருவருடையது

முகப்பில் பொறித்த பெயருக்குரிய ஸ்தாபனமே கடியாரத்தின் உள் யந்திரத்தையும் தன் கூரையின் கீழ்ச் செய்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வாங்கியது மாற்றுக் குறைந்தது என்னும் அபிப்பிராயம் விலையுயர்ந்த கைக்கடியாரங்களின் ரசிகர்களிடையே இன்று வேரூன்றியிருக்கிறது. ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரா மலைப்பிரதேசத்துச் சரித்திரமோ நேர்மாறான சாட்சியம் கூறுகிறது.

பனி மூடிய குளிர்காலத்தில் வயல்வேலையற்றிருந்த குடியானவர்களின் வீடுகளில், ஒரு குடும்பம் பற்சக்கரமும் மற்றொன்று வில்லும் பிறிதொன்று திருகாணியும் செய்ய, அவற்றையெல்லாம் திரட்டி ஒழுங்கு செய்து தன் பெயரிட்டு விற்றவனே கடியார வியாபாரி. முழுமை பெறாத யந்திரங்களை மொத்தமாகச் செய்து பிறருக்கு விற்கும் தொழிற்சாலை ஃபோன்டெய்ன்மெலோனில் 1793-லேயே ஏற்பட்டது. அவ்வாறு வாங்கியதை மெருகிட்டு, காலம் பிசகாமல் ஓடச் செய்வதே மேலான வித்தையாகக் கருதப்பட்டது.

ழூ பள்ளத்தாக்கின் லெ சாந்தியே கிராமத்தில் 1833-ல் தொழில் தொடங்கிய அந்துவான் லெகூல்த்ர், 1844-ல் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் சிருஷ்டித்தவர். அவர் பரம்பரையின் ஆலை பத்தேக் பிலிப்புக்கும் யந்திரங்களை அளித்து வந்தது. அவ்வாலையில் 1967-ல் உருவான 920 என்னும் யந்திரத்தைப் போன்ற அபூர்வம் வேறில்லை என்பேன். மெல்லிய அந்த யந்திரத்தில், தானே சாவி கொடுத்துக்கொள்ளும் சுழலெடை, மாணிக்க உருளைகளின் ஆதாரத்தில் விளிம்பால் வழுக்கிச் சுற்றும். 1972-ல் ஓதமார் பிகே தன் ராயல் ஓக்கிலும், 1976-ல் பத்தேக் தன் நாட்டிலஸிலும், 1977-ல் வஷரோன் தன் 222-லும், தத்தம் எண்களைச் சூட்டி, தத்தம் கைவேலையால் அலங்கரித்து அதையே வைத்தன. பெற்றெடுத்த லெகூல்த்ர் ஆலையோ தன் பெயரிட்ட கடியாரம் எதிலும் அதை வைக்கவில்லை. இம்மூன்று கீர்த்திமிக்க ஸ்தாபனங்களுக்கும் இதனால் யாதொரு குறைவும் நேரவில்லை.

குவார்ட்ஸ் கடியாரங்களின் பிரளயத்திற்குப் பின் யந்திர உற்பத்தி பெரும்பாலும் ஸ்வாட்ச் குழுமத்தின் ஈட்டா ஆலையிடம் ஒடுங்கியிருந்த நிலையில், அரைகுறை யந்திரங்களை வெளியாருக்கு விற்பதைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று 2002-ல் அக்குழுமம் அறிவித்ததும், பிறருக்குச் சொந்த யந்திரம் என்பது பெருமையாவதற்கு முன்பே பிழைப்பின் அவசியமாயிற்று. அதற்கு முன்பே, 1988 முதல் ஜெனித்தின் யந்திரத்தைத் திருத்தி டேடோனாவில் வைத்துவந்த ரோலெக்ஸ், 2000-ல் தன் 4130-ஐ வெளியிட்டிருந்தது. ராயல் ஓக்கின் ஆதி அளவுக் கடியாரத்தில் 920-இன் வழித்தோன்றல் அரை நூற்றாண்டு நிலைத்திருந்து, 2022-ல் ஓதமார் பிகேயின் 7121-க்கு இடம் விட்டது.