உலையும் ஓய்வும்
குளிர்நாட்டு இல்லங்களில் தெர்மோஸ்டாட் வளர்ந்த வரலாறு

தோற்றுவாய்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க் காலத்தில் தடவு என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்த மாந்தரைக் காட்டுகிறது. தடவில் நெருப்புத் தணிந்தால் கரியிடவும், மிகுந்தால் சாம்பலால் மூடவும் அருகில் ஒரு கை இருந்தாக வேண்டும். நம் நாட்டில் அந்தக் கைக்குச் சில வாரங்களே வேலை. ஆண்டில் பல திங்கள் பனியில் கழியும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமோ அது இரவெல்லாம் விழித்திருக்க நேர்ந்தது. விழித்திருந்த அந்தக் கைக்கு மாற்றாகப் பிறந்த கருவியே தெர்மோஸ்டாட். இஸ்திரிப் பெட்டியின் வழியாக நம்மவர்க்கும் அறிமுகமான பெயர்தான் இது. ஆனால் குளிர்நாட்டு இல்லங்களில் அது அடைந்த வளர்ச்சி தனிக்கதை. உலை எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு மனிதன் கண்ட விடைகளின் வரலாறு அது.

முட்டைக்கு வந்த காவல்

இவ்வரலாற்றின் முதற்பெயர் கொர்னேலிஸ் ட்ரெபெல். 1572இல் ஆலந்து நாட்டின் அல்க்மார் நகரில் பிறந்து, இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவைப் பெற்றவர். தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிக் கலத்தைச் செலுத்திக் காட்டியவர் என்று பெரிதும் பேசப்படும் இவர், கோழிமுட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றையும் செய்தார். பெட்டியின் அடியில் நெருப்பு; சுற்றிலும் நீர்; உள்ளே சாராயமும் பாதரசமும் அடங்கிய கண்ணாடிக் குழாய். வெப்பம் ஏறியதும் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு தண்டினை உயர்த்தும், தண்டு புகைவழியின் மூடியைச் சாய்த்துக் காற்றைக் குறைக்கும், நெருப்புத் தணியும். வெப்பம் குறைந்தால் மூடி மீண்டும் திறக்கும். தான் விளைவித்த வெப்பத்தாலேயே நெருப்பைத் தன்னை அடக்கிக்கொள்ளச் செய்த தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. மனிதன் குளிரிலிருந்து முதலில் இவ்வாறு காத்தது தன்னையன்று, முட்டையை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

பெயரும் பொருளும்

அடுத்த படி உலோகத்தில் நிகழ்ந்தது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டினால் சூட்டில் அவை ஒருபுறமாக வளையும். பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பற் கடிகாரங்களைச் செம்மைப்படுத்திய ஜான் ஹாரிசன் இவ்வியல்பைப் பயன்கொண்டார். 1830இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர், இவ்வாறு வளையும் தகட்டைக் கொண்டு வெப்பத்தை ஆளும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்று பெயரும் இட்டார். வெப்பம், நிற்றல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. வெப்பத்தை நிற்கச் செய்வது என்பது அதன் பொருள். கருவி உண்மையில் வெப்பத்தை நிற்கச் செய்கிறதா என்னும் ஐயம் பின்வந்த நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது.

வகுப்பறையும் நிலக்கரி உலையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் பேராசிரியராக இருந்தார். கட்டடத்தின் காவலர் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பார்; பின் நிலவறைக்கு இறங்கி வெப்பம் செல்லும் வழிகளைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் இடையில் அறுபடும்; அவர் கீழே செல்வதற்குள் அறை மேலும் குளிரும். இதற்கு மாற்றாக, அறையின் நிலையை மின்மணி வழியே நிலவறைக்கு உணர்த்தும் கருவியை அமைத்து 1883இல் காப்புரிமை பெற்றார் ஜான்சன். 1885இல் மில்வாக்கி நகரில் அவருடைய நிறுவனம் தோன்றியது.

அக்காலத்திலேயே மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் இல்லங்களின் பக்கம் திரும்பினார். நிலக்கரி உலையின் காற்றுவழி மூடியை, அறை குளிர்ந்ததும் ஒரு சிறு பொறி தானே தூக்கும்படி செய்தார். 1886இல் காப்புரிமை பெற்றார். விடியற்காலையில் குடும்பத்துள் ஒருவர் எழுந்து நிலவறைக்கு இறங்கிக் காற்றுவழியைத் திறக்கும் துன்பம் இதனால் குறைந்தது. அவர் தொடங்கிய தொழில் கைமாறி வளர்ந்து, 1927இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்தோடு இணைந்து மினியாபொலிஸ்-ஹனிவெல் எனப் பெயர் பெற்றது.

முன்னுணரும் கம்பி

நிலக்கரி மெல்ல எரிந்து மெல்லத் தணிவது. எண்ணெயும் எரிவாயுவும் உலைக்குள் வந்தபின் நிலை மாறியது. இவ்வுலைகள் பெரும்பாலும் முழுதாக எரியும் அல்லது முழுதாக அணையும், இடைநிலை இல்லை. எனவே புதிய இடர் ஒன்று தோன்றியது. அறை உரிய வெப்பத்தை அடைந்ததும் தெர்மோஸ்டாட் உலையை நிறுத்துகிறது. ஆயினும் உலையின் உலோகத்திலும் காற்றுக் குழாய்களிலும் தங்கிய வெப்பம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அறை வேண்டிய அளவைக் கடந்து புழுங்கும். பின் நெடுநேரம் குளிரும்.

இதனைத் தீர்க்கத் தெர்மோஸ்டாட்டுக்குள் மிகச் சிறிய மின்தடைக் கம்பி ஒன்று வைக்கப்பட்டது. உலை எரியும்போது இக்கம்பியும் சூடாகி, அருகிலுள்ள உலோகத் தகட்டை அறையைவிடச் சிறிது மிகுதியாகச் சூடாக்கும். அறை நிறைவதற்கு முன்னரே தகடு வளைந்து உலையை நிறுத்திவிடும். எஞ்சிய வெப்பம் மீதியை நிரப்பும். இனி வரவிருக்கும் வெப்பத்தையும் கணக்கில் கொள்ளும் இதனை முன்னுணர் கம்பி எனலாம்.

1953இல் ஹனிவெல் நிறுவனம், ஹென்றி டிரைபஸ் என்னும் வடிவமைப்பாளர் துணையோடு வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டை வெளியிட்டது. அமெரிக்க இல்லங்களின் சுவர்களில் பெரும்புகழ் பெற்ற அதன் உள்ளே ஒரு கண்ணாடிக் குமிழும் பாதரசத் துளியும் இருந்தன. ட்ரெபெலின் பாதரசம் மூன்று நூற்றாண்டு கடந்து மீண்டும் நெருப்பைக் காத்தது. வட்ட மூடியைக் கழற்றினால் முன்னுணர் கம்பியின் மேல் நகரும் சிறு முள்ளும், ஆம்பியர் அளவுகளும் தெரியும். முள்ளை உயர்ந்த எண்ணுக்கு நகர்த்தினால் மின்னோட்டம் செல்லும் கம்பியின் நீளம் குறையும். தகடு மெல்லச் சூடாகும். உலை நெடுநேரம் எரியும். தாழ்ந்த எண்ணுக்கு நகர்த்தினால் அடிக்கடி எரிந்து அடிக்கடி ஓயும்.

எண்ணும் உணர்வும்

இச்சிறு முள்ளின் பயனை நாட்டின் நெருக்கடிகள் வெளிக்கொணர்ந்தன. 1973 நவம்பரில், எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது, இல்லங்களின் பகல் வெப்பம் சராசரி 68 பாரன்ஹீட் பாகையாகக் குறையுமாறு மக்களைக் குடியரசுத் தலைவர் நிக்சன் வேண்டினார். 1977 சனவரிக் கடுங்குளிரில் எரிவாயு போதாமல் பள்ளிகளும் ஆலைகளும் மூடப்பட்டன. பிப்ரவரி 2ஆம் நாள் கம்பளிச் சட்டை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றிய கார்ட்டர், பகலில் 65 பாகை, இரவில் 55 பாகை போதும் என்றார். சுவரில் இருந்த ஓர் எண் நாட்டின் அறமாக மாறிய காலம் அது.

எண்ணைக் குறைத்த இல்லத்தார்க்கு ஓர் உண்மை புலப்படுவது இயல்பு. வெப்பமானி காட்டும் அளவு வேறு. உடல் உணரும் இதம் வேறு. உலை மூன்று நான்கு மணித்துளிகளே எரிந்தால் அதன் வெப்பத்தில் பெரும்பகுதி உலோகத்தையும் குழாயையும் சூடாக்குவதிலேயே கழியும். அறைக்குள் வருவது வெதுவெதுப்பான காற்று. தோலின் வெப்பத்தைவிடத் தணிந்த காற்று மேலே வீசும்போது, அறையின் அளவு சரியாக இருந்தும் முதியோர் போர்வையைத் தேடுவர். உலை நெடுநேரம் எரிந்தாலோ குழாய்கள் முழுதும் சூடேறி, நன்கு காய்ந்த காற்று அறையை அடையும். உலையின் உட்சுவரில் படியும் ஈரமும் உலர்ந்து துரு குறையும். பற்றவைக்கும் பாகங்களின் தேய்மானமும் குறையும். இதற்கு விலையும் உண்டு. எரிதலுக்கும் எரிதலுக்கும் இடையிலான ஓய்வும் நீளும். அறையின் வெப்பம் கூடுதலாக ஏறி இறங்கும். சீரான அளவு, இதமான காற்று இரண்டையும் முழுமையாக ஒருங்கே பெறுதல் இவ்வகை உலையில் அரிது. எவ்வளவு விட்டு எவ்வளவு பெறுவது என்பதே இல்லத்தார் செய்யும் தேர்வு.

1980களில் புகையின் நீராவியிலிருந்தும் வெப்பத்தைப் பிரித்தெடுக்கும் உலைகள் பரவின. பாதரசத்தின் நச்சுத்தன்மை உணரப்பட்டு, காலப்போக்கில் மின்னணுக் கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன. முன்னுணர் முள்ளுக்கு மாற்றாக, மணிக்கு எத்தனை சுழற்சி என்னும் எண் வந்தது. நீராவிச் சூடேற்றலுக்கு ஒன்று, வெந்நீர் முறைக்கும் நீராவியைக் குளிர்விக்கும் புது உலைக்கும் மூன்று, பழைய வகை எரிவாயு உலைக்கு ஐந்து அல்லது ஆறு, மின்னுலைக்கு ஒன்பது என்பன பரவலான அளவுகள். உலை தன் ஆற்றலில் பாதியளவு உழைக்கும் நாளில் ஆறு சுழற்சி என்றால் ஐந்து மணித்துளி எரிதல், ஐந்து மணித்துளி ஓய்வு. மூன்று என்றால் பத்தும் பத்தும் ஆகும். எண் குறையக் குறைய எரிதலும் நீளும், ஓய்வும் நீளும். வேறு சில கருவிகளில் எத்தனை பாகை குளிர்ந்தபின் உலை எழ வேண்டும் என்ற இடைவெளியே இத்தேர்வாக அமையும். வீட்டிற்கு மிஞ்சிய உலையாயின் இவ்வெண்ணால் மட்டும் குறை முழுதும் தீராது. கடுங்குளிர் நாளிலோ உலை ஏறக்குறைய ஓயாது எரியும். அப்போது இவ்வெண்ணுக்கு வேலையில்லை.

நிறைவுரை

யூர் இட்ட பெயர் வெப்பம் நிற்கும் என்றது. வரலாறு காட்டுவதோ வேறு. வெப்பம் ஒருபோதும் நிற்பதில்லை. எரிதலும் ஓய்தலும் மாறிமாறி வரும் ஒழுங்கையே நாம் நிலை என்கிறோம். அவ்வொழுங்கின் நீட்டலும் குறுக்கலும் காவலரின் கையிலிருந்து கருவிக்குச் சென்று, கருவியின் சிறு முள் வழியாக மீண்டும் இல்லத்தாரின் கைக்கே வந்துள்ளன. அடுத்திருக்கும் முதியவர் எண்ணைப் பார்த்து வாழ்பவரல்லர், காற்றை உணர்ந்து வாழ்பவர் என்பதை அக்கை மறத்தலாகாது.

1983க்குப் பின் ஈழத்திலிருந்து பெருந்தொகையாகக் கனடா சென்று குடியேறிய தமிழர்க்கும் இவ்வுலையும் இக்கருவியும் அன்றாட வாழ்வின் பகுதியாயின. தடவுக்குச் சொல் கண்ட மொழி, முன்னுணர் கம்பிக்கும் உலையின் ஓய்வுக்கும் நல்ல சொற்களைக் காணாமல் போகாது. அச்சொற்களைத் தேடும் கடமை பாவலர்க்கும் உண்டு.