ஜென்னே நகரில் சேறு பூசும் நாள்

பள்ளிவாசல் என்று நாம் வழங்கும் சொல்லுக்குள்ளேயே பள்ளியும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்த ஜென்னே நகரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இச்சொல்லின் பொருத்தத்தை வியக்கிறோம். திருக்குர்ஆன் கற்பிக்கும் பள்ளிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

17ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல் சாதி ஒரு மரபைக் கூறுகிறார். கொன்போரோ என்னும் மன்னன் இஸ்லாத்தைத் தழுவியதும் தன் அரண்மனையை இடித்துவிட்டு அவ்விடத்தில் பள்ளிவாசல் எழுப்பினானாம். மார்க்க அறிஞர்களைக் கூட்டி மூன்று வரங்களுக்காக மன்றாடவும் செய்தானாம். வறுமையால் தாயகம் விட்டு வருவோர் இங்கே வளம் காணவேண்டும். உள்ளூராரைவிட அயலூரார் மிகுதியாகக் குடியேறவேண்டும். வணிகர் பொறுமையிழந்து சரக்கை மலிவாக விற்றுச் செல்லவேண்டும். மூன்றாவது வரம் நமக்குப் புன்னகை வருவிக்கிறது. ஆனால் முதல் இரண்டையும் கேட்கத் துணிந்த ஆட்சியாளர் உலகில் மிகச் சிலரே.

1818ஆம் ஆண்டளவில் நகரைக் கைப்பற்றிய ஃபுலானித் தலைவர் செக்கு அமாது, இப்பெரிய பள்ளிவாசலை ஏற்கவில்லை. அதை அவர் இடிக்கவுமில்லை. பேணுவாரின்றி மழைக்கு விட்டுவிட்டார். மண் சுவருக்கு அதுவே போதுமல்லவா? தெருக்களில் இருந்த சிறிய பள்ளிவாசல்களையும் அவர் மூடச் செய்தார். 1828இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயே, உள்ளே ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் கூடு கட்டியிருந்ததையும், நாற்றம் பொறாமல் மக்கள் வெளிமுற்றத்தில் தொழுததையும் பதிவு செய்துள்ளார். கூரையின்கீழ் நிற்க இயலாத நிலையிலும் அவ்விடத்தை அவர்கள் கைவிடவில்லை. இது நம் நெஞ்சைத் தொடுகிறது.

1893இல் நகரம் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இன்று நாம் படங்களில் காணும் பள்ளிவாசல், அவர்களுடைய ஆட்சியில், 1907இல், கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரேயின் மேற்பார்வையில் கட்டி முடிக்கப்பட்டது. வெயிலில் உலர்த்திய மண்கல்லும் மண்சாந்துமே அதன் உடல். சுவர்களில் துருத்தி நிற்கும் பனங்கழிகள் அழகுக்கு மட்டுமல்ல, சாரமாகவும் உதவுகின்றன.

ஒவ்வொரு மழையும் பூச்சைக் கரைத்துவிடுவதால் ஆண்டுதோறும் புதிதாகப் பூசவேண்டும். சேற்றோடு உமியைக் கலந்து குழிகளில் பல நாள் ஊறவைக்கிறார்கள். சிறுவர்கள் அதில் குதித்து விளையாடுவதே சேறு மிதிக்கும் வேலையாகிவிடுகிறது. குறித்த நாளில் இளைஞர்கள் கூடைகளில் சேறு சுமந்து ஓடுகிறார்கள். பெண்கள் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். கொத்தனார்கள் கழிகளில் ஏறிப் பூசுகிறார்கள். நகரின் பகுதிகள் முந்திக்கொள்ளப் போட்டியிடுகின்றன. முதிய கொத்தனார்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குரிய மதிப்பு அது.

1988இல் யுனெஸ்கோ ஜென்னேயை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் வீட்டின் பழைய தோற்றத்தை மாற்றக் கூடாதென்ற விதியால் வசதியான வீடு கட்ட முடியவில்லை என்று ஊரார் சிலர் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் உண்டென்றே கருதுகிறோம். மண்வீட்டில் குடியிருப்பவர் அவர்தாமே. 2006இல் வெளியிலிருந்து வந்த வல்லுநர் குழு பள்ளிவாசலின் கூரையைச் சோதித்தபோது ஊரில் கலவரம் மூண்டது. பின்னர்ச் சீரமைப்பு தொடங்கியது. 2009 நவம்பரில், ஒரே நாளில் கொட்டிய பெருமழையில் தெற்குக் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. அதை மீண்டும் மண்ணாலேயே எழுப்பினார்கள். உள்நாட்டுப் போர் பயணிகளை விரட்டிவிட்ட பிறகும், 2024ஆம் ஆண்டிலும், இளைஞர்கள் சேற்றுக் கூடைகளோடு ஓடினார்கள்.